கிளையில் இல்லாத அடைப்பு

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதற்கு எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வைத்தார்கள். இருக்கட்டும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கோலார் தங்கவயலில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் வைட்ஃபீல்டில் இறங்குவேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் எங்கே, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று ஆஞ்சியோகிராம் படத்தில் அளந்து சொல்லும் மென்பொருளை எங்கள் அலுவலகம் எழுதிக்கொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. நான் கையெழுத்திட்டால்தான் அது வெளியே போகும்.

சோதனைக்கென்று அக்ரிலிக் கட்டைகள் வைத்திருந்தோம். துளையிட்டு, உள்ளே சாய மருந்து நிரப்பி, எக்ஸ்ரே எடுத்து அளப்போம். எல்லாத் துளையும் நேராகவே போகும். மனித இதயத்தில் குழாய் கிளை பிரிகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு மாதம் எனக்கும்தான் தோன்றவில்லை, வெட்கக்கேடு.

ஆஸ்டின் டவுனில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, இரண்டாகப் பிரியும் துளையோடு ஒரு கட்டை செய்து வாங்கினேன். எங்கேயும் அடைப்பு கிடையாது. பிரிந்தபின் துளை சிறுத்தது, அவ்வளவுதான். தெருக்குழாயிலிருந்து எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வரும் குழாயும் அப்படித்தான் சிறுத்து வரும். மென்பொருளோ தாய்க்குழாயின் அகலத்தை வைத்துக் கிளையை அளந்து, பாதி அடைப்பு என்றது. இதை நம்பி, ஒன்றுமே இல்லாதவருக்குக் குழாயை விரிக்கும் ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள். கட்டையை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"லிஸ்ட்ல இருக்கிற டெஸ்ட் எல்லாம் பாஸ்தானேம்மா? சைன் பண்ணிடு. கிளையெல்லாம் அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் வர்ற பேஷன்ட்டுக்கு யார் சார் பதில் சொல்றது?"

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார், டெஸ்டர். அதான் சைன் பண்ண மாட்டேன்."

வேறு ஆளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் வாடிக்கையாளரோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே நான் வாய் திறந்தேன். கட்டையில் இல்லாத அடைப்பை எங்கள் மென்பொருள் பார்க்கிறது என்றேன். அந்தப் பக்கம் இருந்த மருத்துவர் படங்களை அனுப்பச் சொன்னார். வெளியீடு நின்றது. ஒவ்வொரு கிளையையும் அதன் சொந்த அகலத்தோடு ஒப்பிட்டு அளக்கும்படி திருத்திய பிறகுதான் கையெழுத்திட்டேன்.

வருடக் கடைசியில் என் வேலை மதிப்பீட்டுப் படிவத்தை மேனேஜர் என் பக்கம் தள்ளினார். "சொன்னால் கேட்க மாட்டார்" என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு ஒரு கட்டம். இரண்டு முறை படித்துச் சரிபார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. உடனே போட்டேன்.