முதலை முட்டைக்குக் காவல்

முதலை முட்டைக்குக் காவல் இருப்பவள் முதலில் பழக வேண்டியது, இருட்டியபின் மணலுக்கடியிலிருந்து வரும் விக்கல் சத்தம். பொரியப்போகும் குஞ்சு முட்டைக்குள்ளிருந்தே தாயைக் கூப்பிடுகிறது. கான்வென்ட் சிஸ்டர்கள் தையல் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை. பயந்துகொண்டே வேலைக்குப் போகும் தோழிகளே, பிள்ளை தூங்கும் நேரத்தில் உங்களுக்காக எழுதுகிறேன்.

அணைக்கட்டில் முதலைக் கொட்டகை கட்டி முடியும்வரை, ஆற்றோரம் எடுத்த முட்டைகளை வனத்துறைக்காரர்கள் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில், மணல் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். முன்னறையில், காவல் வேலைக்குச் சேர்ந்த நானும் கைக்குழந்தையும். என் கணவர் வேலை தேடி பெங்களூர் போயிருந்தார்.

பென்சில் கோடு

ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சில் கோடு இருக்கும். கோடு கீழே போனால் உள்ளே இருக்கும் உயிரும் போய்விடும். வருஷப்பிறப்புக்கு வீடு கழுவிய வீட்டுக்காரம்மா, அழுக்காக இருக்கிறதே என்று முட்டைகளையும் கழுவ வாளியோடு வந்துவிட்டார். குறுக்கே நின்று மறித்தேன்.

"கோழி தெனமும் முட்டையப் பொரட்டுது. உன் முதலைக்கு மட்டும் இன்னாடி இந்த ஒய்யாரம்?"

தாய் வாய்

குஞ்சு பொரிந்ததும் தாய் முதலை அதை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். பார்த்தவர்கள் தின்கிறது என்று கதை கட்டிவிட்டார்கள். பேரனைப் பார்க்க வந்த மாமியாரிடம் இதை விளக்கினேன்.

"பெத்ததையே முழுங்குற ஜென்மத்துக்கு நீ ஆயா வேலை பாக்குறியா?"

கெளுத்தி

அணையில் மீன் குத்தகை எடுத்தவர் வீடு தேடி வந்து, முதலையால் மீன் கம்மியாகிவிட்டது என்று சத்தம் போட்டார். குட்டி முதலை பூச்சியும் நண்டும் தின்னும். பெரியது ஜாஸ்தி தின்பது கெளுத்தியை. அந்தக் கெளுத்திதான் உங்கள் மீன்குஞ்சைத் தின்கிறது என்றேன். பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சொன்னேன்.

"அப்போ என் வலையக் கிழிச்சதும் கெளுத்தியாம்மா? பொரியறதுக்குள்ள வந்து எல்லாத்தையும் ஒடைச்சிட்டுப் போறேன், பாரு."

பின்னறை

சொன்னபடியே, முட்டைகள் கூப்பிட ஆரம்பித்த அன்று மாலை, குத்தகைக்காரர் தடியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் தெருவுக்கு ஓடியிருக்கலாம். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"வெளிய வாம்மா, உன்ன ஒண்ணும் பண்ணமாட்டோம்" என்றார்.

"முதலை இன்னும் பொரியலைங்க. அதுவரைக்கும் நான் கடிப்பேன்" என்றேன்.

அதற்குள் வீட்டுக்காரம்மா ஓடி வந்துவிட்டார். "யோவ், உள்ள கைக்குழந்த இருக்குது! கதவுல கை வெச்சிப் பாரு, தெருவையே கூட்டிடுவேன்!" அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கவும், வந்தவர்கள் தடியோடு திரும்பிப் போனார்கள்.

தைரியம் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு குஞ்சுகூடத் தப்பியிருக்காது தோழிகளே, அதனால் பயந்துகொண்டேதான் அன்றைக்குத் தாழ்ப்பாளை உள்பக்கமாகப் போட்டேன்.