தனக்கா பூசிய டயர்

எங்கள் இட்லிக் கடை ஒரு ட்ரெய்லர். மருமகனின் சின்ன வேன் அதை இழுத்துக்கொண்டு லைங் தாயாவில் கார்மெண்ட் ஆலை வாசலுக்குப் போகும். ட்ரெய்லரின் இடது டயர் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்தது, அதுவும் உள்பக்க ஓரத்தில். மூன்றாவது டயரும் தேய ஆரம்பித்ததும் மருமகனுக்கு வெறுத்துவிட்டது. கடையை வாங்க த்வாண்டே ஊர்க்காரர் ஒருவரை மத்தியானம் வரச் சொல்லிவிட்டார். அன்று காலையில் கடைசியாக ஒரு தரம் நானும் மகளும் மருமகனும் வண்டியோடு அடுத்த தெருப் பட்டறைக்குப் போனோம்.

மெக்கானிக்கை மரியாதையாகச் சயா, அதாவது வாத்தியார், என்போம். அவர் நூல் பிடித்துப் பார்த்தார்.

"அச்சு நேராத்தான் இருக்கு. டயர்தான் மட்டமான சரக்கு."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க, சயா," என்றார் மருமகன்.

"போன தடவையும் நேராத்தான் இருந்துச்சு."

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. பட்டறைக்குச் சமையல் பாத்திரம் போகக் கூடாது என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் இறக்கிவைப்பேன். அடுப்பு, மாவுப் பானை, இடது சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் தண்ணீர் ட்ரம், எல்லாம் வீட்டில். சயா பார்த்ததெல்லாம் வெறும் வண்டி.

நாலாம் வகுப்போடு நின்றவள், சயாவுக்கு எப்படிச் சொல்வது? மகள் காதில் சொன்னேன். அவள் ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

"சயா, சாமான ஏத்திப் பாக்கணுமாம். அம்மா சொல்றாங்க."

பாத்திரங்களை எடுக்கப் போனபோது, காலையில் வெயிலுக்குக் கன்னத்தில் பூச அரைத்த தனக்கா மரப்பட்டைச் சாந்தில் மிச்சத்தையும் கொண்டுவந்தேன். டயரின் முழு அகலத்துக்கும் பூசினேன்.

"அத்தே, டயருக்கு அலங்காரமா?" என்றார் மருமகன்.

"வெயில்ல கறுத்துப்போச்சில்ல, பூசட்டும்," என்றார் சயா.

முதலில் வெறும் வண்டியைத் தள்ளினோம். பூச்சு ஒரே சீராக அழிந்தது. பிறகு பாத்திரங்களை ஏற்றி, ட்ரம்மை நிரப்பி, மறுபடி பூசித் தள்ளினோம். வெளிப்பக்கம் தனக்கா அப்படியே மஞ்சளாக இருந்தது. உள் ஓரம் மட்டும் கறுப்பு.

சயா குனிந்து அடியில் பார்த்தார். பாரம் ஏறியதும் அச்சுக் குழாய் வளைந்து, சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தது.

"இதுக்குத் தடிச்ச பைப் போடணும். ட்ரம்ம நடுவுல வைங்க," என்றவர், மெதுவாக, "வெறும் வண்டியப் பாத்தது என் தப்பு," என்றார்.

என் தப்பும்தான் என்று வாய்வரை வந்தது.

த்வாண்டேக்காரர் வந்தபோது சயா பழைய குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்.

"விக்கல அண்ணே," என்றார் மருமகன். "அத்தே விடமாட்டாங்க."

வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ட்ரம்முக்குப் பின்னால் போய், பட்டறை மண் பட்ட பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.