புடவை கட்டிக்கொண்டு நான் கதை சொன்ன நாள்

பிள்ளைகளே, வீட்டில் என் மகள் வாயை மூடவே மாட்டாள். கோழியோடு பேசுவாள், குக்கரோடு சண்டை போடுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. ஒன்றாம் வகுப்பு முழுக்க, பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும்தான் தூக்கினாள். "லீவு முடியறதுக்குள்ள பேச வைங்க. இல்லன்னா வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கும் என் மனைவிக்கும் சோறு இறங்கவில்லை.

திருப்பதியில் கோடை விடுமுறைக்குச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புத்தூரில் என் வெல்டிங் கடையைக் காலையில் பூட்டிவிட்டு, தினமும் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். டீச்சர் நல்லவர். பேச வேண்டாம், எழுதினால் போதும் என்றார். ஆனால் கடைசி நாள் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் கதையைத் தாங்களே வாசிக்க வேண்டுமாம். அவளும் எழுதினாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டேன். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டுப் போய் வேண்டுதல் தீர்ப்பார்கள். அம்மனைக் கும்பிட்ட பிறகுதான் வேஷத்தைக் கலைக்கலாம். என் நேரம், ஜாத்திரையும் வாசிப்பும் ஒரே நாளில் வந்தன. மகளோடு மனைவி வகுப்புக்குப் போனாள். நான் அவளுடைய பச்சைப் புடவையில் கோயில் வரிசையில் நின்றேன். போன் அடித்தது.

"அழுதுகினே கீறா. நைனா வந்தாதான் படிப்பேன்னு பேப்பரை மடியில சுருட்டி வெச்சிக்கினா. நீ வந்துடு" என்றாள் மனைவி.

"எப்டி வர்றது? வேஷத்தைக் கலைக்கக் கூடாதே."

"யாரு கலைக்கச் சொன்னது? அப்டியே வா!"

வரிசையை விட்டு ஓடிப்போய் ஓர் ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்க போவணும்க்கா? அவசரத்துல மீசைய எடுக்க மறந்துட்டியே!"

நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். என் மகள் ஓடி வந்து முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். டீச்சர் கூப்பிட்டார். வரவில்லை. கடைசியில் நான் குனிந்து, "என் காதுல சொல்லும்மா, நைனா எல்லாருக்கும் சொல்றேன்" என்றேன். டீச்சர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அவள் குரல்தானே கேட்க வேண்டும்? எனக்கு மட்டும் தெரியாதா? வேறு வழியில்லை.

அவள் காதில் எங்கள் வீட்டுத் தமிழில் சொன்னாள். நான் தெலுங்கில் எல்லோருக்கும் சொன்னேன். ஓர் ஆட்டுக்குட்டி பஸ் ஏறியது. எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார். அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் பாதி வழியில், வடமாலபேட்டையில் இறக்கிவிட்டுவிட்டார். இருட்டிப்போனது. அது வீட்டுக்கு வரவில்லை.

அந்தக் கடைசி வரி என் வாயில் வரவில்லை. "குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது" என்று சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள்.

"வரல!"

முந்தானையை உதறிவிட்டு வெளியே வந்து நின்றாள். "வரல நைனா! ஏன் பொய் சொல்ற? அங்கயே நின்னுகினு கீது. யாரும் போய்க் கூட்டிக்கினு வரல!"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் மெதுவாக, "அப்புறம்?" என்றார். என் மகளின் உதடு அசைந்தது. அவ்வளவுதான். மறுபடியும் புடவைக்குள் போய்விட்டாள். எவ்வளவு கெஞ்சியும் வெளியே வரவில்லை.

திரும்பவும் கோயில் வரிசையின் கடைசியில் போய் நின்றோம். பேசினாளா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் என்ன சொல்வது? பேசினாள்தான். இனிமேல் பேசுவாளா என்று கேட்டால்?

"அந்தக் குட்டிய நாம போய்க் கூட்டிக்கினு வரலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, என் காதில் மட்டும் சொன்னாள். "மறுபடியும் பஸ் ஏறணுமே நைனா. கண்டக்டர் கேப்பாரே."

அதற்கு நான் என்ன பதில் சொல்வது, பிள்ளைகளே? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.