நியூட்ரல் போடாத இறக்கம்

நாற்பத்தேழு வயதில் எனக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். மூன்று நிமிடம் பேசி, பதிவு செய்து அனுப்ப வேண்டும். உலகின் உச்சிப் பிரிவுக் கார்ப் பந்தயத்தில் இந்த வருஷம் வந்திருக்கும் புது எஞ்சின் விதிகளைப் பற்றி, பந்தயமே பார்த்திராத ஒருவருக்கும் விளங்கும்படி பேச வேண்டும். தேறினால் தமிழ் வர்ணனையாளர் வேலை. விளையாட்டுகளை நேரடியாகக் காட்டும் ஒரு செயலிக்காரர்கள் அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் தென்காசியில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். குறுக்கே வெட்டி வைத்த எஞ்சினைக் காட்டி, பிஸ்டன் எது, வால்வு எது என்று வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது என் பாடு. பந்தயப் பைத்தியம் படிக்கும் காலத்திலேயே பிடித்தது. படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூரில் பந்தயக் கார் பணிமனை ஒன்றில் சேரக் கூப்பிட்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன சோலி என்று வீட்டில் கேட்டார்கள். நான் சண்டை போடவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மல்லுக்கு நிற்கிற நான், நிற்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்றுவரை என்மேல்தான் இருக்கிறது.

அதனால் இந்த அறிவிப்பைப் பார்த்த அன்றைக்கே பெயரைக் கொடுத்தேன். காலமும் தோதாக இருந்தது. எஞ்சினையே அடியோடு மாற்றிவிட்டதால், முப்பது வருஷம் பந்தயம் பார்த்தவரும் நேற்றைக்கு வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புதிதாகப் படிக்க வேண்டிய வருஷம் இது. பெரிய ஊர்க்காரர்களுக்கும் எனக்கும் இடையில் இவ்வளவு குறைந்த தூரம் இனிமேல் வராது என்று நினைத்தேன்.

முதல் பதிவை ரொம்பச் சிரத்தையாகச் செய்தேன். 'வெளியேறும் வாயுவின் வெப்பத்திலிருந்து மின்னாற்றல் பெற்றுவந்த அலகு நீக்கப்பட்டுள்ளது' என்று தொடங்கி, செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரே மூச்சில் போனேன். தென்காசி வாடை எங்கேயும் அடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் குறட்டை வந்தது.

எழுப்பிக் கேட்டதற்கு, "நீ பேசுத மாதிரியே இல்லட்டி. யாரோ நோட்டீஸ் வாசிக்குத மாதிரி இருக்கு" என்றார். லாரி ஓட்டினவருக்கு என்ன தெரியும் என்று வாய்க்குள் முனகிக்கொண்டே அனுப்பிவைத்தேன். இரண்டு நாளில் சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். தேர்வுக்குப் பொறுப்பானவள். சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறதாம். ஆனால் தன் அம்மாவுக்குப் போட்டுக்காட்டியதில் அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் இன்னொன்று அனுப்பலாம், அதோடு சரி என்றாள். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு லாரி ஓட்டியவர். இருபத்திரண்டு வருஷம். முழங்கால் தேய்ந்து வண்டியை விட்டபின், கடையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். தோப்புக்கும் வீட்டுக்கும் போய்வர, என் பிடிவாதத்தால் ஒரு பழைய ஹைப்ரிட் கார் வாங்கினோம். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் உருளும்போதும் மோட்டார் சக்கரத்தின் வேகத்தை வாங்கிப் பேட்டரிக்குள் போட்டுவிடும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று முன்னால் இருக்கும் சின்னத் திரையில் கோடு கோடாகக் காட்டும்.

புதன்கிழமை காரை சர்வீஸுக்கு விட்டு எடுக்க, மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் இருக்கும் புனலூர் போயிருந்தோம். திரும்பும்போது அவர் ஓட்டினார். ஆரியங்காவு தாண்டியதும், மலை மேல் எல்லையில் இருக்கும் கோட்டைவாசலில் இருந்து அடிவாரத்துப் புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் பேட்டரி எப்படி நிறைகிறது பாருங்கள் என்று சொல்லி வைத்தேன். இதை நேரில் பார்த்தால் பந்தயத்தை அவருக்கு விளக்கிவிடலாம், அவருக்கு விளங்கினால் அந்தச் சென்னை அம்மாவுக்கும் விளங்கும் என்பது என் திட்டம். திரையில் இரண்டே கோடு இருந்தது. இறக்கம் தொடங்கியது. முதல் வளைவு போனது, இரண்டாவது போனது. திரையில் அதே இரண்டு கோடுதான். சர்வீஸில் எதையோ கெடுத்துவிட்டார்கள் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். கியர் நியூட்ரலில் கிடந்தது.

எனக்கு வந்ததே கோபம். படித்துப் படித்துச் சொன்னேனே, நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் ஒட்டுறவே இல்லை, ஒரு பொட்டு மின்சாரம் சேராது, அதோடு இந்த இறக்கத்தில் உயிருக்கும் ஆபத்து என்று கத்தித் தீர்த்தேன். வெள்ளிக்கிழமை மேலிருந்த பயம் எல்லாம் அவர் தலையில் இறங்கியது. அவர் கியரை மாற்றி, புளியரை வந்ததும் ஒரு கடை முன்னால் நிறுத்தி, இரண்டு சாயா வாங்கினார். பாதி குடித்தபின் சொன்னார்.

"வேணும்னு போடல. கோட்டவாசல் வந்தா கை தானா நியூட்ரலுக்குப் போயிருது. இருவத்திரண்டு வருசப் பழக்கம்லா."

அது எனக்கும் தெரிந்த கதைதான். அந்தப் பாதையில் லாரி ஓட்டுகிற எல்லாரும் செய்தது. முதலாளி அளந்து ஊற்றும் டீசலில் மிச்சம் பிடிப்பது டிரைவரின் சாமர்த்தியம். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்புகையில், கோட்டைவாசலில் நியூட்ரலுக்குத் தள்ளிப் புளியரை வரைக்கும் உருட்டிக்கொண்டு வருவார்கள். தவறு என்று அத்தனை பேருக்கும் தெரியும். அதைச் செய்யாதவனை வண்டி ஓட்டத் தெரியாதவன் என்பார்கள்.

சாயா முடிந்ததும் ஏறி உட்கார்ந்தார். செங்கோட்டைப் பக்கம் போகாமல் வண்டியைத் திருப்பி மறுபடியும் மேலே ஏற்றினார். கோட்டைவாசலில் திரும்பி இறங்கத் தொடங்கினார். இந்தத் தடவை இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பூப்போல மிதித்தார். மூன்று கோடு, நாலு கோடு. கடைசி வளைவு கழிந்து வயல்கள் தெரியும்போது ஏழு கோடு நின்றது.

வண்டியை ஓரமாக நிறுத்தித் திரையைப் பார்த்தார். "அப்பம் நான் இத்தன வருசமா மிச்சம்னு நெனச்சது பூராவும் காத்துலயா போச்சு?" என்றார்.

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது. உங்கள் லாரியில் அதைப் பிடித்துவைக்கப் பாத்திரமே கிடையாது, அதனால் நீங்கள் எதையும் விடவில்லை என்று சொன்னேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். அவர் முகம் தெளிந்தது. அதற்கப்புறம் செங்கோட்டை வரும்வரை அவர் கேட்க நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பந்தயத்தில் மலை இருக்கிறதா என்றார். மலை எதற்கு, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக் பிடிக்கிறார்களே, அதுதான் அவர்களுக்கு இறக்கம் என்றேன். போன வருஷம் வரை புகை போகிற சூட்டிலிருந்தும் மின்சாரம் எடுத்தார்கள், இப்போது அந்த வசதியைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் காரின் பலத்தில் ஏறக்குறையப் பாதி இனி பேட்டரியிலிருந்து வர வேண்டும். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைச் சுழற்றித் தயாராக வைத்திருந்ததும் அதே வசதிதான், அது போய்விட்டதால் கிளம்பும் இடத்தில் எஞ்சினை நெடுநேரம் உறுமவிடுகிறார்கள் என்றேன். அது அவருக்கு உடனே பிடிபட்டது. மேட்டில் டர்போ சுற்றாவிட்டால் லாரி இழுக்காது, காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவரே எனக்கு விளக்கினார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நேர் ரோட்டுல இருக்கது எல்லாத்தையும் செலவழிச்சு ஒருத்தன் முன்னால போயிருதான். பின்னால வாரவன் மிச்சம் வச்சிருக்கான். அப்பம் யாருட்டி ஜெயிக்கது?"

புது விதிகளைப் பற்றி நான் படித்த அத்தனை கட்டுரைகளும் சுற்றிச் சுற்றி வந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். காரைக் குற்றாலத்துக்கு விடச் சொன்னேன். வீட்டுக்குப் போனால் குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி, அதற்குள் இது கலைந்துவிடும். மாசி மாதக் குற்றாலத்தில் ஆள் ஏது. அருவி நூலாக விழுந்துகொண்டிருந்தது, கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. ஐந்தருவி ரோட்டோரம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, நீங்கள் மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்கினேன். முதல் தடவை ஒரு குரங்கு பொத்தென்று பானட்டில் குதித்துக் கெடுத்தது. இரண்டாம் தடவை புளியரையிலிருந்து ஆரம்பித்தேன். "எங்க ஊர்ப் பக்கம் ஒரு இறக்கம் இருக்கு. அதுல நியூட்ரல் போட்டு இறங்குதவன் கெட்டிக்காரன்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தோம்" என்று, வாயில் வந்த பேச்சிலேயே. சொல்லை இஸ்திரி போட நேரமில்லை. அவர் கேட்ட கேள்வியையும் அப்படியே கேட்டு, பதில் தெரிய ஞாயிற்றுக்கிழமை பாருங்கள் என்று முடித்தேன். மூன்று நிமிடத்துக்கு நாலு விநாடி பாக்கி இருந்தது.

அன்றைக்கே அனுப்பினேன். அந்தச் சென்னைப் பெண்ணின் அம்மாவுக்கு இந்தத் தடவை புரிந்துவிட்டதாம். முதல் பந்தயத்துக்கு மட்டும் வரச் சொன்னார்கள், அதைப் பார்த்துவிட்டு வருஷம் முழுதுக்கும் யார் என்று முடிவு செய்வதாக.

சென்னையில் கண்ணாடி அறை, காதை அடைக்கும் கருவி, எதிரே திரை. ஞாயிறு காலை. கார்கள் கிளம்பும் இடத்தில் உறுமத் தொடங்கின. பாதிப் பந்தயம் வரை பயத்திலேயே ஓட்டினேன். அப்போது முதலில் போனவருக்கு நேர்ப்பாதையின் முடிவில், மிதித்த கால் மிதித்தபடி இருக்க, வேகம் குறைவது தெரிந்தது. பேட்டரி காலி. பின்னால் வருபவரிடம் இருப்பு இருந்தது. "பாருங்க, முன்னால போறவரு நியூட்ரல்ல இறங்கி வந்தவரு மாதிரி ஆயிட்டாரு. இந்தா பின்னால வாரவரு தாண்டப் போறாரு" என்றேன். சொல்லி முடிக்கவும் தாண்டினார். அடுத்த சுற்றில் தாண்டினவர் காலியாகி, இவர் திரும்பத் தாண்டினார். இதெல்லாம் பந்தயமா, பேட்டரிக் கணக்கா என்று சலித்துக்கொள்கிறவர்கள் நிறைய உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரட்டுவதற்குக் கால் போதும். எங்கே விரட்டாமல் இருப்பது என்று தெரியத் தலையும் வேண்டும். நான் இருபது வயதிலிருந்து ரசிப்பது இதைத்தான்.

மறுநாள் ரயிலேறி, செவ்வாய்க்கிழமை காலை தென்காசியில் இறங்கினேன். முடிவு அன்றைக்குள் சொல்வதாக இருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் காரோடு நின்றார். பையை வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இரண்டாவது வந்தவன் கடைசி வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்ததை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று குறை சொன்னார். அதுவரை ஆயுசில் ஒரு பந்தயம் முழுசாகப் பார்த்திராத மனிதர். உள்ளே உட்காரவும் போன் அடித்தது. சென்னைப் பெண்தான். அவள் சொன்னதைக் கேட்டு, சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.

போனை வைத்ததும் அவர் என் முகத்தையே பார்த்தார். வருஷம் பூராவும் நான்தான் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கோயம்புத்தூருக்குப் போகாத அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்து அழுதேன். அவர் ஆறுதல் எல்லாம் சொல்லிப் பழகாதவர். சாவியைத் திருப்பி, திரையை விரலால் தட்டிக்காட்டினார். எட்டுக் கோடும் நிறைந்திருந்தது.

"உன்னக் கூப்பிட வாரதுக்கு முன்னால கோட்டவாசல் வரைக்கும் போயிட்டு எறங்கி வந்தேன். நியூட்ரல் போடல" என்றார்.

மேலே ஏறச் செலவான பெட்ரோலில் கால்வாசிகூட இறங்கும்போது திரும்பியிருக்காது. ஆய்வகத்தில் எந்தப் பிள்ளை இப்படிச் செய்துவிட்டு வந்து நின்றாலும் கிழித்துத் தொங்கப் போட்டிருப்பேன். டீசலை மிச்சம் பிடித்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய மனிதர், எனக்காகப் பெட்ரோலைச் செலவழித்துவிட்டு வந்து நிற்கிறார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பெல்ட்டைப் போட்டேன்.