ஃபுவாதினோ தூங்கப் போன ஓட்டல்

வெள்ளிக்கிழமை மதியம் ஃபுவாதினோ துக்கத்துக்குப் போகிறவளாகக் கறுப்பு உடுத்திக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள். அப்பியா நகரத்தில் பஸ் மாறி, சவாயித் தீவுக்குக் கப்பல் புறப்படும் துறைக்குப் போகவேண்டியவள், மாறவில்லை. முந்தானையைப் போலத் துண்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கடற்கரைச் சாலையில் இருந்த ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டாள்.

அந்த ஓட்டலின் படுக்கை விரிப்புகளைத்தான் அவள் தினமும் மடித்தாள். சந்தைக்குப் பின்னால் இருக்கும் சலவைக் கூடத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது. கல்யாணமாகி, பிள்ளை இல்லாமல், புருஷனையும் புதைத்த பிறகு இன்றும் அதே மேசைதான். வெள்ளை விரிப்பு சூடாக வரும், மடிப்பாள், அடுக்குவாள். ஒன்றில்கூடப் படுத்ததில்லை. இந்த வருஷம் முதலாளியம்மா, "உனக்கு ஒரு ராத்திரி அங்க ரூம் சொல்லியிருக்கேன், போய்ட்டு வா" என்றாள். வேலைக்காரிகளுக்கு இப்படி எப்போதாவது செய்வாள்.

வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று ஃபுவாதினோவுக்குத் தெரியும். புருஷன் வீட்டில்தான் அவள் இன்னும் இருந்தாள். போகச் சொன்னவர்களும் இல்லை, இரு என்று சொன்னவர்களும் இல்லை. தூண்களும் ஓலைத்தட்டிகளும் மட்டுமே உள்ள வீடு. அதில் நாத்தனார் லாங்கி, அவள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், விருந்துக்கு வந்து போகாமலே தங்கிவிட்ட இரண்டு பேர். ஓட்டல் என்று வாய் திறந்திருந்தால் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு, பானையோடு கிளம்பி வந்திருப்பார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது யாருடைய காலும் மேலே விழாத ஒரு தூக்கம். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அங்கே அப்படிக் கேட்பவளுக்கு ஏதோ நோய் என்றுதான் நினைப்பார்கள்.

அதனால் வியாழன் மாலை, "சவாயில எங்க பெரியம்மா போயிட்டாங்க. நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்" என்றாள்.

லாங்கி கிழங்கு சீவுவதை நிறுத்தினாள். "எந்த ஊரு?"

மேற்குக் கோடியில் இருந்த ஊரின் பேரைச் சொன்னாள். "தூரம் மதினி. யாரும் வரவேணாம். சின்னச் சாவுதான்."

பெரியம்மா உண்மையிலேயே இறந்தவள்தான், பல வருஷம் முன்னால். உயிரோடு இருக்கும் யாரையும் கொல்லவில்லை என்று ஃபுவாதினோ தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அறை நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கதவைச் சாத்தியதும் கடலின் சத்தம்கூட நின்றுவிட்டது. அவள் விரிப்பின் மடிப்பைக் கலைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கலைத்தாள். படுத்தவள் சாயங்காலப் பிரார்த்தனை நேரத்தில் எழுந்து, மண்டியிட்டு, பாட்டைத் தனியாக முணுமுணுத்தாள். இரண்டாம் குரல் இல்லாத பாட்டு அவளுக்கே அந்நியமாக இருந்தது. மறுபடி படுத்தாள். விடியும்வரை யாரும் தண்ணீர் கேட்கவில்லை, யாரும் அவளைத் தாண்டிப் போகவில்லை. கண் விழித்தபோது இடது கை மரத்துப்போகாமல் இருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டாள்.

காலையில் கீழே சாப்பாட்டு அறைக்குப் போனாள். மாற்றுத்துணி கொண்டுவரவில்லை. அதே கறுப்பு, காலில் ஓட்டல்காரர்கள் அறையில் வைத்திருந்த வெள்ளைத் துணிச் செருப்பு. பரிமாறிய பெண் குனிந்து, "துக்கமாக்கா?" என்றாள்.

"ம்."

"யாரு?"

"பெரியம்மா."

அந்தப் பெண் போய், கேட்காமலே இன்னொரு தட்டுப் பப்பாளியும் தேங்காய்ப்பால் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஃபுவாதினோ ரொட்டியைப் பிட்டுத் தட்டிலேயே வைத்தாள். பார்வையைக் கண்ணாடிக்கு வெளியே திருப்பினாள்.

எதிரே இருந்த கடை வாசலில் அவள் ஊர்க் கோயில் பஸ் நின்றிருந்தது.

பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கறுப்பு. போதகர் மனைவி கடைக்குள் போய், துக்க வீட்டுக்குக் கொடுக்க மீன் டின் பெட்டிகளைக் காட்டி எடுக்கச் சொன்னாள். ஊருக்காகச் சபையில் பேசும் லெமானா பெரியவர், பேசுகிறவருக்குரிய கோல் கையிலும் நார்க்கொத்து தோளிலுமாக ஓரமாக நின்று, துக்க வீட்டில் சொல்லவேண்டியதை உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். லாங்கியின் கைகளில், பிளாஸ்டிக் சுற்றிய நீளமான சுருள். ஓரத்துச் சிவப்பு இறகு வெளியே தெரிந்தது. மகள் கல்யாணத்துக்கென்று லாங்கி மெத்தைக்கு அடியில் வைத்திருந்த பாய் அது, கல்யாணத்திலும் சாவிலும் மரியாதையாகக் கொடுப்பது. அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சாவில் சின்னது என்று ஒன்று கிடையாது என்பது ஃபுவாதினோவுக்குத் தெரியாதா. எத்தனை பேர் வீட்டுத் துக்கத்துக்கு இதே பஸ்ஸில் போயிருக்கிறாள். தனக்காக ஒருத்தி பாய் எடுப்பாள் என்பதுதான் அவள் மூளைக்கு எட்டவில்லை.

மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. பஸ் துறைக்குப் போகும், கப்பல் ஏறும். சாயங்காலம் சாவே நடக்காத ஏதோ ஒரு வீட்டின் முன்னால், கிழங்கு தின்றுகொண்டிருக்கும் ஜனங்களைப் பார்த்து, லெமானா பெரியவர் உங்கள் துயரத்துக்கு வணங்குகிறோம் என்று உரக்க ஆரம்பிப்பார். லாங்கி பாயை விரித்துக் காட்டுவாள்.

எழுந்து ஓடினாள். சாலையின் நடுவில் வந்த பிறகுதான் காலில் வெள்ளைச் செருப்பு இருப்பது தெரிந்தது.

லாங்கிதான் முதலில் பார்த்தாள். "ஐயோ, கப்பலைத் தவறவிட்டுட்டியா? நல்லதாப் போச்சு, ஏறு. ராத்திரியெல்லாம் எங்க கிடந்த?"

ஆமாம், கப்பலைத் தவறவிட்டேன் என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனியில் இருந்தது.

"மதினி, பாயை உள்ள வைங்க. யாரும் சாகல."

"என்ன சொல்ற?"

"பெரியம்மா முன்னாடியே போயிட்டாங்க. ரொம்ப வருஷம் ஆச்சு."

போதகர் மனைவி கடையிலிருந்து வெளியே வந்தாள். எல்லோருடைய கண்ணும் செருப்புக்கு இறங்கி, அங்கிருந்து ஓட்டலுக்குப் போயிற்று.

"யாரு கூட?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"தனியா."

"தனியாவாம்."

"கேட்டுக்கோங்கடி, தனியாவாம்."

"சும்மா இருங்க" என்றாள் போதகர் மனைவி. பிறகு ஃபுவாதினோவிடம், "தனியா என்ன பண்ணின?"

"தூங்கினேன்."

இதைவிட ஆம்பிளை பேர் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்கும். லெமானா பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார். "தூங்கறதுக்கா ஒரு பொம்பளையை ரெண்டாந்தரம் சாகடிச்ச?" என்றார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டாள். "ரெண்டு நாளா மனப்பாடம் பண்றேன். உங்க வம்சத்தையே ஏழு தலைமுறை இழுத்து வச்சிருந்தேன்."

லாங்கி சிரிக்கவில்லை. பாயைக் குழந்தையைப் போலத் தோள் மாற்றிப் பிடித்தாள். "என் வீட்டுல உனக்குத் தூங்க இடமில்லன்னு ஊருக்குச் சொல்லிட்ட."

"அப்படி இல்ல மதினி."

"வேற எப்படி?"

அப்படித்தான் இருந்தது, ஆனால் அப்படி இல்லை. சாலையில் போகிறவர்கள் வேகம் குறைத்துப் பார்த்தார்கள். ஓட்டல் வாசலில் அந்தப் பரிமாறும் பெண்கூட வந்து நின்றிருந்தாள்.

மீன் பெட்டிகள் கடைக்குத் திரும்பிப் போயின. நாளைக்குக் கோயிலில் அவளே எழுந்து சொல்லவேண்டும் என்று போதகர் மனைவி சொன்னாள், அவளும் தலையாட்டினாள். ஒவ்வொருவராகப் பஸ்ஸில் ஏறினார்கள். அவள் கடைசியாக ஏறினாள். உட்கார இடமில்லை. நிரம்பிவிட்டால் ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்காருவதுதான், தெரியாதவள் மடியானாலும் உட்காருவார்கள். ஆனால் இன்று யாரும் முழங்காலைத் தட்டிக் கூப்பிடவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, நிற்கக்கூடாது என்றான்.

"இங்க வா" என்றாள் லாங்கி, ஜன்னலைப் பார்த்தபடி.

ஃபுவாதினோ அவள் மடி ஓரத்தில் உட்கார்ந்தாள். லாங்கி பாயைத் தூக்கி இவள் மடியில் வைத்தாள். பஸ் வளைந்து வீட்டுப் பக்கம் திரும்பியது. பாரம் தெரியாமலிருக்க ஃபுவாதினோ முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை ஊன்றி, பாதி எழுந்தவளாகவே இருந்தாள்.

"ஒழுங்கா உக்காரு" என்றாள் லாங்கி அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நீ இப்படித் தொங்கினா எனக்குத்தான் குத்துது."

அவள் கைப்பிடியை விட்டாள். தன் கனம் முழுவதும் லாங்கியின் மேல் இறங்குவது அவளுக்கே தெரிந்தது.