பன்னிரண்டு மணிக்குப் பூட்டும் அறை

பன்னிரண்டு அடித்ததும் யேசுதாசன் வெண்கல அறையின் கதவை ஓசைப்படாமல் சாத்துகிறார். பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை மடியில் செருகிக்கொள்கிறார். இனி நாலு மணி வரை ராஜாவே வந்தாலும் அந்தக் கதவு திறக்காது. உள்ளே இருப்பவர்கள் உறங்குகிறார்களாம்.

உள்ளே இருப்பவை முப்பத்திரண்டு வெண்கலச் சிலைகள். முத்துக்குமாரசாமி பிள்ளை என்ற பண்ணையார் நாற்பது வருஷமாகத் தேடித் தேடிச் சேர்த்தவை. சாகும்போது வீட்டையும் சிலைகளையும் படங்களையும் ஊருக்கு எழுதி வைத்துவிட்டார். ஊர்க்காரர்கள் வாசலில் 'கலைக்கூடம்' என்று பலகை மாட்டினார்கள். பிள்ளையிடம் இருபத்தைந்து வருஷம் காவல் இருந்த யேசுதாசனையே காவலுக்கு வைத்தார்கள். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

நாகர்கோவிலிலிருந்து அந்த ஊருக்கு ஒரே பஸ். வந்து சேருவது பன்னிரண்டேகாலுக்கு, திரும்புவது மூன்றரைக்கு. ஆக, என்னைப் போன்ற வெளியூரான் எவனும் அந்தச் சிலைகளைப் பார்க்கவே முடியாது. இதை யேசுதாசனிடம் விரல் மடக்கி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பஸ்ஸைக் காலையிலேயே விடச் சொல்லி எழுதிப் போடும்படி எனக்கு யோசனை சொன்னார்.

இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் முன்கூடத்துப் படங்களை மட்டும் பார்த்துத் திரும்பினேன். அவற்றையாவது ஒழுங்காகக் காட்டுகிறாரா? வரைந்தது யார், எந்தக் காலம், ஒன்றும் தெரியாது. "இது நல்ல மழையில வந்தது சார். எந்தலையில போட வேண்டிய சாக்க இதும்மேல போட்டுக் கொண்டாந்தேன்" என்பார். அடுத்த படம் வந்தபோது அவருக்குக் காய்ச்சலாம். ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஒரு வரலாறு.

கோயில் நடை சாத்துகிற மாதிரி என்று சாமி சிலைகளுக்குச் சொன்னாலாவது சரி. உள்ளே குதிரைக்காரன் இருக்கிறான், விளக்கேந்திய பெண் இருக்கிறாள், ஒரு கிளிகூட இருக்கிறதென்று கேள்வி. கிளிக்குமா உறக்கம் என்று எரிச்சலோடு கேட்டேன்.

"கிளி உறங்காதா சார்?"

ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற வேதக்காரருக்கு இந்த வம்பு எதற்கு என்றும் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். மொதலாளிக்கு உண்டு. மத்தியானம் உச்சைக்கு அதுகள உறங்க விடணும்னு எங்கிட்டச் சொல்லிட்டுதான் கண்ண மூடினாரு. நான் சரின்னு சொல்லிட்டேன்லா."

எங்கள் தாலூகாக்கள் திருவனந்தபுரத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கிற சமயம் இது. போன மாதம் மூன்றாம் தடவை போனபோது, அதே பஸ்ஸில் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்து இறங்கினார். சிலைகளை இங்கே யாராவது பார்க்கிறார்களா, இல்லை அங்கே கொண்டுபோய்விடலாமா என்று முடிவு செய்ய வந்தவர். அவருக்கும் மூன்றரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

திறக்கச் சொன்னார். யேசுதாசன் நாலு மணி என்றார். பூட்டிய அறையைப் பார்த்ததாகத்தான் எழுத முடியும், அடுத்த வாரம் லாரி வரும் என்றார் அதிகாரி. யேசுதாசன் அசையவில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஒரு மனுஷனின் பிடிவாதத்தால் முப்பத்திரண்டும் கைவிட்டுப் போகப்போகின்றன. அவரைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனேன். இன்றைக்கு ஒரு நாள் எழுப்பினால் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் எல்லாம் லாரி ஏறிவிடும் என்றேன். என் வாயாலேயே 'எழுப்பினால்' என்று சொல்ல வைத்துவிட்டார் பாருங்கள்.

பூட்டிய கதவை எட்டிப் பார்த்தார். "அங்க உச்சைக்கு உறங்க விடமாட்டாவளா சார்?"

விடமாட்டார்கள் என்றேன்.

மடியிலிருந்து சாவியை எடுத்தார். முன்னால் நகர்ந்த அதிகாரியைக் கை காட்டி நிறுத்தினார். பூட்டைத் திறந்தவர் கதவைத் தள்ளவில்லை. விரல் முட்டியால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டி, கதவிடுக்கில் வாயை வைத்து, "நாந்தான், பயப்படாண்டாம்" என்றார். உள்ளே இருப்பவர்கள் எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், கதவில் கை வைத்தபடி நின்றார்.