டிரஸ்ஸர் ஐயாவுக்கு ஒரு புது ஊசி

ஈப்போ கிளினிக்கில் மகளுக்கு ஊசி போடத் தாதி ஸ்பிரிட் பஞ்சை எடுத்ததும், அந்த வாசனை என்னைச் சித்தியவான் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து மருந்தறைக்குக் கொண்டுபோய்விட்டது. இன்று அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்க, கண்ணாடி ஊசிக்குழல் பாத்திரத்தில் மோதிக் கிணுகிணுக்கும் சத்தம் வெளியே வரிசையில் நின்ற எங்களுக்குக் கேட்கும்; தோட்ட ஆபீஸ் எழுத்தர்களான கிராணிமார் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டு முடித்த பிறகு, முனை மழுங்கிய அதே ஊசியை, மறுபடி கொதிக்கவைக்காமலேயே, லயத்து வரிசைவீட்டுத் தொழிலாளர் பிள்ளைகளான எங்களுக்கு, இடது புருவத்தில் வெட்டுத் தழும்புள்ள மருந்தறை டிரஸ்ஸர் போடுவார்.

ஒரு நாள் தம்பி அலறினான்.

"ரப்பர் மரத்தத் தினம் கீறுறோம், அது கத்துதா? நீ ஏன்டா கத்துற?" என்று டிரஸ்ஸர் சிரித்தார்.

தொடையில் குத்திய இடம் சீழ்பிடித்தது. தம்பி இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறான்.

மகள் சிணுங்காமல் எழுந்தாள். அடுத்து வந்து உட்கார்ந்த கிழவரைப் பார்த்ததும் நான் வாசலருகே நின்றுவிட்டேன். இடது புருவத்தை வெட்டிய அதே தழும்பு. டிரஸ்ஸரேதான்.

"மெதுவா போடுலா, தங்கச்சி," என்று தாதியிடம் கெஞ்சினார்.

நான் அவர் காதருகே குனிந்தேன். "தினம் கீறுற ரப்பர் மரம் கத்துதா, ஐயா?"

அவர் முகம் வெளுத்தது. நாற்பது வருடம் காத்திருந்த எனக்கு அது இனித்தது. ஆனால் தாதி அவருக்கென்று ஒரு புது ஊசியின் உறையைக் கிழித்தாள். அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.